ஏட்டின் அளவும் எளியோர் உரிமையும்

எளியோரின் பெயரால் முன்வைக்கப்படும் வாதங்களை இருமுறை ஆராய்தல் நன்று. பிட்கொயின் என்னும் மறைகுறி நாணயத்தின் வலையமைப்பில் 2015 முதல் 2017 வரை நடைபெற்ற ‘தொகுதி அளவு’ பற்றிய பூசல் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். தொகுதியின் அளவைப் பெருக்குமாறு கோரியோரிற் பலர், உலகின் வறிய மக்களுக்காகவே தாம் வாதாடுவதாகக் கூறினர். உள்ளத்தை ஈர்க்கும் இவ்வாதம் ஆராயுந்தோறும் வலுவிழக்கின்றது.

பிரச்சினையின் அடிப்படை எளிது. சற்றோசி நகமோற்றோ என்னும் புனைபெயர் கொண்டவர் 2008 ஒக்ரோபர் 31இல் ஒரு கட்டுரையை வெளியிட்டார். வங்கி என்னும் இடையாளின்றி ஒருவர் மற்றொருவருக்கு நேரே பணம் செலுத்தும் வழியை அது விளக்கியது. கொடுக்கல் வாங்கல்கள் யாவும் ஒரு பொதுப் பேரேட்டிற் பதியப்படும். அப்பேரேட்டின் பிரதியை விரும்பிய எவரும் தம் கணினியில் வைத்து, ஒவ்வொரு பதிவும் விதிக்கு அமைந்ததா எனத் தாமே சரிபார்க்கலாம். ஏறத்தாழப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இப்பேரேட்டில் ஒரு புதிய பக்கம் சேர்கின்றது. அப்பக்கமே தொகுதி எனப்படுவது. ஒரு தொகுதி ஒரு மெகாபைற்றை விஞ்சலாகாது என்னும் எல்லை 2010ஆம் ஆண்டில் விதிக்கப்பட்டது. அவ்வெல்லைக்குள் செக்கனுக்கு ஏழு கொடுக்கல் வாங்கல்களுக்கு மேற் பதிவது அரிது.

பயன்படுத்துவோர் தொகை பெருகவே பக்கத்தில் இடம் போதாதாயிற்று. இடத்துக்குப் போட்டி எழுந்தது, கட்டணம் உயர்ந்தது. 2017 டிசெம்பரில் ஒரு பதிவுக்கான சராசரிக் கட்டணம் சில நாள்களில் 50 அமெரிக்க டொலரையும் தாண்டியது. இக்கட்டணம் அனுப்பப்படும் தொகையைப் பொறுத்ததன்று. பதிவு ஏட்டிற் பிடிக்கும் இடத்தைப் பொறுத்தது. ஆதலின் இலட்சம் டொலர் அனுப்பும் செல்வந்தனுக்கு அது தூசு. ரொறன்ரோவிலிருந்து பருத்தித்துறையிலுள்ள தாய்க்கு நூறு டொலர் அனுப்பும் தொழிலாளிக்கோ அது பாதிப் பணம். “பக்கத்தைப் பெரிதாக்குக, கட்டணம் குறையும்” என்பது பெருக்குவோரின் வாதம். எல்லையைப் பின்னர் உயர்த்தலாம் என நகமோற்றோவே 2010இற் குறிப்பிட்டதையும் அவர்கள் தமக்குச் சான்றாகக் காட்டினர். இந்த முறைப்பாட்டை எள்ளி நகையாடுதல் நேர்மையாகாது. ஆனால் நோயை அறிந்தவர் சொல்லும் மருந்தெல்லாம் சரியான மருந்தாகிவிடாது.

கேட்கவேண்டிய வினா ஒன்றுண்டு: ஏடு பெருத்தபின் அதைச் சரிபார்ப்பவர் யார்? 2015 ஓகஸ்ட்டில் கவின் அன்ட்ரேசன், மைக் ஹேர்ன் ஆகியோர் முன்னின்று வெளியிட்ட திட்டம், 8 மெகாபைற்றிலே தொடங்கி, இரண்டாண்டுக்கு ஒருமுறை எல்லையை இருமடங்காக்கி, 2036 அளவில் ஏறத்தாழ 8 கிகாபைற்றுக்குக் கொண்டுசெல்ல எண்ணியது. நாளொன்றுக்கு 144 தொகுதிகள். அவை நிரம்பினால் தொடக்க நிலையிலேயே ஆண்டுக்கு 420 கிகாபைற்று. முடிந்த நிலையில் ஒரே நாளில் ஆயிரம் கிகாபைற்றுக்கு மேல். பழைய பக்கங்களை அழித்து இடத்தை மீதப்படுத்தலாம் என்பார் உளர். அழிப்பதற்கு முன் அவற்றை ஒருமுறையேனும் இறக்கிச் சரிபார்த்தாக வேண்டுமே! கைத்தொலைபேசித் தரவை அளந்து வாங்கிப் பயன்படுத்தும் வடமராட்சி மாணவனுக்கு இது இயலுமா? இயலாது. இயலக்கூடியவை பெரும் நிறுவனங்கள் மாத்திரமே. ஏடு பெருக்குந்தோறும் அதைப் படிக்க வல்லோர் தொகை சிறுக்கும்.

கணக்கைப் பார்க்கும் உரிமையின் பெறுமதி இலங்கையருக்குப் புதிதன்று. 2008 டிசெம்பரிற் கோல்டன் கீ நிறுவனம் சரிந்தபோது ஆயிரக்கணக்கான வைப்பாளர்கள் தம் சேமிப்பை இழந்து தெருவில் நின்றனர். உள்ளே நடந்தவற்றை அவர்கள் முன்னரே கண்டறிய வழியிருக்கவில்லை. மறுபுறம், யாழ்ப்பாணக் குடாநாட்டிலே தழைத்த கூட்டுறவு இயக்கத்தின் உயிர்நாடி பொதுக்கூட்டத்தில் வாசிக்கப்படும் கணக்கறிக்கையாகும். ஒரு பங்கு மாத்திரம் உடைய அங்கத்தவனும் எழுந்து வினவலாம். அவ்வுரிமை பறிபோனால் சங்கத்தின் பெயர்ப்பலகை எஞ்சும், சங்கம் எஞ்சாது. பிட்கொயினின் பேரேடும் அத்தகையதே.

அவ்வாறாயின் நூறு டொலர்க்காரன் செய்வது யாது? இதற்கு விடை யாழ்ப்பாணத்தார் அறிந்த உண்டியல் முறையிலேயே பாதி அடங்கியுள்ளது. கனடாவிலுள்ள முகவர் டொலரைப் பெறுகிறார். இங்குள்ள அவரது கூட்டாளி ரூபாவை வீட்டிற் கொடுக்கிறார். இருவரும் மீதியை மாத்திரம் பின்னர் தீர்த்துக்கொள்கின்றனர். சட்டத்துக்குப் புறம்பானதாயினும், வங்கி மாற்று வீதத்துக்கும் வெளிச்சந்தை வீதத்துக்கும் இடைவெளி விரிந்த 2022ஆம் ஆண்டு நெருக்கடியிலே பலர் இதனை நாடினர். சிறிய கொடுப்பனவு ஒவ்வொன்றும் பெரிய ஏட்டில் ஏறவேண்டியதில்லை என்பதே இதிலுள்ள பாடம். ஜோசப் பூன், தாடியஸ் டிரைஜா ஆகிய இருவர் வகுத்த ‘லைட்னிங்’ வலையமைப்பும் இவ்வழியிற் செல்வதே. இரு தரப்பினர் தமக்கிடையே எத்தனை முறையும் கொடுத்து வாங்கலாம். தொடக்கமும் முடிவும் மாத்திரம் பேரேட்டிற் பதியப்படும். உண்டியலில் முகவர் ஏமாற்றினால் முறையிட இடமில்லை. லைட்னிங்கில் ஏமாற்ற முனைபவனுக்கு எதிராகப் பேரேட்டை நாடலாம்.

இவ்வேற்பாடு குறையற்றதன்று. தொடங்குவதற்கே பேரேட்டிற் பதியவேண்டும், அதற்கும் கட்டணமுண்டு. அதனைத் தவிர்க்க எண்ணுவோர் மீண்டும் ஓர் இடையாளிடம் பணத்தை ஒப்படைக்கின்றனர். எனினும் இடையாள் தவறினால் வேறோர் இடையாளை நாடலாம். பேரேடே சிலர் கைக்குட்பட்டால் நாடுவதற்கு வேறொன்றில்லை. கீழ்நீதிமன்றம் பிழைத்தால் மேன்முறையீடு உண்டு. மேன்முறையீட்டு மன்றமே விலைபோனால் யாரிடம் செல்வது?

2017 மே மாதத்தில் நியூயோர்க்கில் ஐம்பதுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் கூடி, எல்லையை இரண்டு மெகாபைற்றாக உயர்த்த உடன்பட்டன. தொகுதிகளை உருவாக்கும் அகழ்வோரின் கணிப்பு வலுவில் எண்பது சதவீதத்துக்கு மேற்பட்டது அவர்கள் பக்கமிருந்தது. பணமும் பலமும் அவர்களிடம். சொந்தக் கணினியில் ஏட்டைச் சரிபார்த்த சாதாரணரிற் பலர் எதிர்த்தரப்பில். 2017 நவம்பர் 8இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. ஏட்டைத் தாமே சரிபார்ப்போர் ஏற்காத விதியைப் பெருநிறுவனங்களால் திணிக்க இயலவில்லை. வறியோருக்காக வாதாடுவதாகக் கூறியவர்கள், சாமானியரிடம் எஞ்சியிருந்த இந்த ஒரே பலத்தையே கரைக்க முயன்றனர் என்பது ஈண்டு நோக்கற்பாலது. பெருக்குவதே தீர்வென்றோர் 2017 ஓகஸ்ட் முதலாம் திகதி பிரிந்து, 8 மெகாபைற்று எல்லையுடன் ‘பிட்கொயின் காஷ்’ என்பதைத் தொடங்கினர். அவர்களும் 2018 நவம்பரில் இரண்டாகப் பிளந்தனர்.

ஒரு மெகாபைற்று என்பது வேதவாக்கன்று. 2017 ஓகஸ்ட் 24இல் நடைமுறைக்கு வந்த ‘செக்விற்’ மாற்றம், பழைய மென்பொருள் வைத்திருந்தோரை வெளியேற்றாமலே தொகுதியில் இடத்தைக் கூட்டியது. எல்லை மேலும் மாறலாம். ஆயின் அதனை அளக்கும் கோல், வசதி குறைந்த சரிபார்ப்போனின் இயலுமையாக இருத்தல் வேண்டும். வணிகரின் அவசரம் அளவுகோலாகலாகாது.

இவை யாவும் அந்நாணயத்தை வாங்குமாறு எவரையும் தூண்டுவதற்காகக் கூறப்பட்டவையல்ல. மத்திய வங்கி இதன் ஆபத்துக்களை மக்களுக்கு எடுத்துரைத்துள்ளது. 2021இல் அட்டைகள் மூலம் இதற்குப் பணம் செலுத்துதலும் தடுக்கப்பட்டது. நாணயம் நிலைப்பினும் அழியினும் அது எழுப்பிய வினா நிலைக்கும். கூட்டுறவுச் சங்கமாயினும் கோயிற் பரிபாலன சபையாயினும் அரச திறைசேரியாயினும், “உங்கள் நன்மைக்காகவே ஏட்டைப் பெரிதாக்குகிறோம், பார்க்கும் சிரமம் உங்களுக்கு வேண்டாம்” என்று கூறுவோரிடம் கேட்கவேண்டியது ஒன்றே: “அந்த ஏட்டை நாளை எம்மாற் படிக்க முடியுமா?”