சட்டம் கேட்ட மக்கள்

1890-இல் மன்னர் நாசிருத்தீன் ஷா, ஈரானில் விளையும் புகையிலை முழுவதையும் வாங்கவும் விற்கவும் ஏற்றுமதி செய்யவுமான உரிமையை 50 ஆண்டுகளுக்கு ஆங்கிலேயர் ஒருவருக்கு எழுதிக்கொடுத்தார். அரசுக்கு ஆண்டுக்கு 15,000 பவுண்டும் லாபத்தில் ஒரு பங்கும் கிடைக்கும் என்பது ஏற்பாடு. மதகுரு மீர்சா ஷிராஸியின் பெயரில் புகையிலைக்கு எதிரான ஃபத்வா வெளியானதும் வணிகர்கள் கடையடைத்தார்கள். ஊர் ஊராக ஹூக்காக்கள் அணைந்தன. ஷாவின் அந்தப்புரத்திலேயே புகை நின்றது. 1892 தொடக்கத்தில் ஒப்பந்தம் ரத்தானது. நாட்டின் சொத்தை மன்னர் தம் விருப்பப்படி விற்கலாமா என்ற கேள்வி மட்டும் அடங்கவில்லை.

அதற்கு விடையாகத்தான் அரசியல் சாசனப் புரட்சி வந்தது. 1905 டிசம்பரில், சர்க்கரை விலையை ஏற்றியதாகச் சொல்லி தெஹ்ரான் வணிகர்களுக்கு உள்ளங்காலில் பிரம்படி கொடுக்கப்பட்டது. அடுத்த கோடையில் 12,000-க்கும் மேற்பட்டோர் பிரிட்டிஷ் தூதரகத் தோட்டத்தில் தஞ்சம் புகுந்து, சட்டமும் நாடாளுமன்றமும் வேண்டும் என்றார்கள். 1906 அக்டோபரில் மஜ்லிஸ் என்ற நாடாளுமன்றம் கூடியது. இரண்டே ஆண்டுகளில் புதிய மன்னர் முகமது அலி ஷா, ரஷ்ய அதிகாரிகள் நடத்திய கொசாக் படையைக் கொண்டு மஜ்லிஸ் கட்டடத்தைப் பீரங்கியால் தகர்த்தார். தப்ரீஸ் நகரம் பணியவில்லை. சத்தார் கான் தலைமையில் பல மாதங்கள் முற்றுகையைத் தாங்கி நின்றது. அங்கே ஆசிரியராக இருந்த அமெரிக்க இளைஞர் ஹோவர்ட் பாஸ்கர்வில், மாணவர்களோடு சேர்ந்து போரிட்டு 1909-இல் உயிர்விட்டார். அந்த ஆண்டே ஷா அரியணை இழந்தார். ஆனால் பிரிட்டனும் ரஷ்யாவும் 1907-லேயே ஈரானைச் செல்வாக்கு மண்டலங்களாகக் கூறுபோட்டிருந்தன. 1911 டிசம்பரில் ரஷ்யாவின் மிரட்டலுக்குப் பின் மஜ்லிஸ் கலைக்கப்பட்டது. உள்ளூர்ச் சர்வாதிகாரமும் அந்நியப் படைபலமும் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து மக்களின் நாடாளுமன்றத்தை இப்படிச் சாய்த்தன. கடைசி முறையாக அது இருக்கவில்லை.

1908-இல் மஸ்ஜித் சுலைமானில் எண்ணெய் கிடைத்தது. அதன் வருவாயில் பெரும்பங்கு பிரிட்டனுக்கே போனது. 1951-இல் மஜ்லிஸ் எண்ணெய்த் தொழிலை நாட்டுடைமையாக்கியது, மொசாதெக் பிரதமரானார். 1953 ஆகஸ்டு 19 அன்று அமெரிக்க, பிரிட்டிஷ் உளவு அமைப்புகளின் சதியால் அவர் கவிழ்க்கப்பட்டார். மொசாதெக் குறையற்றவர் அல்லர். அந்த மாதமே, ஆம் என்போருக்கும் இல்லை என்போருக்கும் தனித்தனி வாக்குச்சாவடி வைத்து நடத்திய வாக்கெடுப்பின் பேரில் மஜ்லிஸைக் கலைத்தவர் அவர். அந்தக் குறையைத் தட்டிக்கேட்கும் உரிமை ஈரானிய வாக்காளருக்கு உண்டு. லண்டனுக்கும் வாஷிங்டனுக்கும் கிடையாது. மூன்றாண்டுச் சிறைக்குப் பிறகு அஹ்மதாபாத் கிராமத்தில் வீட்டுக்காவலில் வைக்கப்பட்ட அவர், விடுதலையாகாமலேயே 1967-இல் இறந்தார். மொசாதெக் வீழ்ந்தபின் தொடர்ந்த ஷாவின் ஆட்சியில் கட்சிகளும் சங்கங்களும் நசுக்கப்பட்டு, 1957-இல் தொடங்கிய சவாக் உளவுப்படை எங்கும் கண்வைத்தபோது, மக்கள் கூடிப் பேச மசூதிகளே எஞ்சின. ஷாவைக் கவிழ்த்த 1979 புரட்சியில் மதகுருமார்களின் கை ஓங்கியதற்கு இது முக்கியக் காரணம்.

அந்தப் புரட்சியில் வீதிக்கு வந்தவர்கள் எல்லாரும் மதகுரு ஆட்சியைக் கேட்டவர்கள் அல்லர். புரட்சியின் தலைவரான மதகுரு கொமேனி நாடு திரும்பி ஐந்து வாரங்களே ஆகியிருந்த 1979 மார்ச் 8 அன்று, கட்டாய ஹிஜாபை எதிர்த்து தெஹ்ரானில் பெண்கள் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். அதற்கு வெகுகாலம் முன்பு, 1936-இல், அப்போதைய மன்னர் ரேசா ஷாவின் காவலர்கள் தெருவில் பெண்களின் முக்காட்டைப் பறித்தார்கள். வெளியே வர அஞ்சி வீட்டுக்குள்ளேயே முடங்கியவர்கள் பலர். புரட்சிக்குப் பின் வந்த அரசு, முக்காடு இல்லாத பெண்ணுக்குக் கசையடி என்று சட்டம் எழுதியது. பறித்த கையும் போர்த்திய கையும் அரசின் கையே. உடுத்துகிற பெண்ணை இரண்டுமே கேட்கவில்லை. 2022 செப்டம்பரில் ஒழுக்கக் காவலர்கள் பிடித்துச் சென்ற குர்தியப் பெண் மஹ்சா அமினி, 22 வயதில் உயிரிழந்தார். குர்திய மொழியில் பிறந்த ‘பெண், வாழ்வு, விடுதலை’ என்ற முழக்கம் நாடெங்கும் எழுந்தது, நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள்.

தேர்தல் இருக்கிறதே என்பது தெஹ்ரான் ஆட்சியாளர்களின் பதில். யார் போட்டியிடலாம் என்பதை 12 பேர் கொண்ட காவலர் மன்றம் தீர்மானிக்கிறது. அவர்களில் ஆறு பேரை உச்சத் தலைவரே நியமிக்கிறார். 2024 குடியரசுத் தலைவர் தேர்தலின் முதல் சுற்றில் வாக்களித்தவர்கள் சுமார் 40 விழுக்காட்டினர் மட்டுமே. புரட்சிக்குப் பின் எந்தக் குடியரசுத் தலைவர் தேர்தலிலும் வாக்குப்பதிவு அவ்வளவு குறைந்ததில்லை.

குண்டுவீச்சால் இது மாறும் என்பவர்கள் எவின் சிறையைப் பார்க்க வேண்டும். இந்த ஆட்சியை எதிர்த்த எழுத்தாளர்களும் வழக்கறிஞர்களும் மாணவர்களும் அடைபட்ட இடம் அது. 2025 ஜூன் 23 அன்று இஸ்ரேல் அதன்மீது குண்டு வீசியது. இறந்தவர்களில் கைதிகளைக் காணவந்த குடும்பத்தினரும் இருந்தார்கள். அமெரிக்காவின் பொருளாதாரத் தடைகளும் இப்படித்தான் வேலை செய்கின்றன. மருந்துக்கு விலக்கு உண்டு என்று ஏட்டில் இருக்கிறது. ஆனால் பணம் அனுப்ப வங்கிகள் அஞ்சுவதால் அபூர்வ நோய் உள்ளவர்களுக்கு மருந்து கிடைப்பது அரிதாகிறது. அதிகாரத்தில் இருப்பவர்களுக்கோ, ஒவ்வொரு போராட்டத்தையும் அந்நியச் சதி என்று முத்திரை குத்த இந்தத் தடைகளே கைகொடுக்கின்றன.

இந்தியா இதில் வெறும் பார்வையாளர் அல்ல. 2019-இல் அமெரிக்கத் தடைக்குப் பணிந்து ஈரானிடம் எண்ணெய் வாங்குவதை நிறுத்தியது. 2022 நவம்பரில், போராட்டக்காரர்கள் மீதான ஒடுக்குமுறையை விசாரிக்க ஐ.நா. மனித உரிமை மன்றத்தில் தீர்மானம் வந்தபோது வாக்களிக்காமல் ஒதுங்கியது. இரண்டும் தவறு. ஈரானின் சாபஹார் துறைமுகத்தில் ஒரு முனையத்தை 10 ஆண்டுகள் நடத்த 2024-இல் கையெழுத்திட்ட நாடு, ஈரானிய மக்களை வாட்டும் தடைகளை உலக அரங்கில் எதிர்க்க வேண்டும். அடுத்த முறை அப்படியொரு தீர்மானம் வரும்போது, சிறையில் இருப்பவர்களின் பக்கம் கை உயர்த்த வேண்டும்.