சரித்திரம் சோறு போடுமா?

"சரித்திரமா? அது சோறு போடுமா?"

பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கும் காலம் வந்துவிட்டால் போதும், திண்டுக்கல் வட்டாரத்தில் இந்தக் கேள்வி ஊர் ஊராக நடக்கும். நாகல் நகரிலும் கேட்கும்; சின்னாளபட்டியிலும் கேட்கும்; ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையிலும் நிலக்கோட்டைப் பூச்சந்தையிலும் கேட்கும். பி.ஏ. என்றால் முகம் மலர்கிறது, பி.ஏ.யில் வரலாறு என்றவுடன் மலர்ந்த முகம் சுருங்குகிறது.

பூட்டுப் பட்டறையிலே அரம் பிடித்துக் கை காய்த்த தகப்பன் கேட்கட்டும். தோல் ஷாப்பிலே சுண்ணாம்புத் தொட்டியருகே நின்று கால் வெந்த தகப்பன் கேட்கட்டும். தறியிலே முதுகு வளைந்த தாய் கேட்கட்டும். அவர்களுக்குக் கேட்க உரிமை உண்டு. வயிறு காய்ந்தவன் கேட்கிற கேள்வியை ஏளனம் செய்கிறவன் நம் கூட்டத்தைச் சேர்ந்தவனல்ல.

ஆனால் தோழர்களே, அதே கேள்வியை வயிறு நிரம்பியவர்களும் கேட்கிறார்கள். "செத்துப்போன ராஜாக்களின் பெயரை மூன்றாண்டு நெட்டுருப் போடுவதற்கா மக்கள் வரிப்பணம்?" என்று சாய்வு நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்கிறார்கள். முன்னவர் கேட்பது கவலை. பின்னவர் கேட்பது கபடம். இருவருக்கும் பதில் சொல்லியாக வேண்டும். கல்லூரி வாசற்படி ஏறாதவர்கள் நாம். பள்ளிக்கூடத்தோடு படிப்பு நின்றுபோனவர்கள். ஆகவே, பட்டத்தின் அருமையைப் பட்டம் பெற்றவரைவிட நாமே அதிகம் அறிவோம்!

முதலில் சோற்றுக் கணக்கையே பார்த்துவிடுவோம்.

வரலாற்றுப் பட்டதாரி பி.எட். முடித்து, தகுதித் தேர்விலும் தேறினால் சமூக அறிவியல் ஆசிரியராகலாம். மூன்றாண்டுச் சட்டப் படிப்புக்குப் போகலாம். 1961-ஆம் ஆண்டு தோன்றிய தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை இருக்கிறது, அருங்காட்சியகங்கள் இருக்கின்றன, ஆவணக் காப்பகம் இருக்கிறது. தேர்வாணையத்தின் குரூப் ஒன்று, குரூப் இரண்டு தேர்வுகளிலே பெரும்பாலான பதவிகளுக்கு ஏதேனும் ஒரு பட்டம் போதும். பொறியியல் படித்தவனும் கடைசியில் அங்கேதான் வந்து உட்காருகிறான். உட்கார்ந்து எதைப் படிக்கிறான்? இந்திய வரலாறு! விடுதலைப் போராட்டம்! தமிழ்நாட்டின் வரலாறு, மரபு, சமூக அரசியல் இயக்கங்கள்! நம் வீட்டுப் பிள்ளை வகுப்பறையிலே படித்ததை, அவன் பயிற்சி நிலையத்தில் பணம் கட்டிப் படிக்கிறான்!

இதைச் சொல்லி ஆசை காட்டுவது நம் வேலையல்ல. தேர்வு எழுதுவோர் இலட்சக்கணக்கில், இடங்களோ ஆயிரக்கணக்கில். வேலை கிடைக்காத வரலாற்றுப் பட்டதாரி உண்டு, மறுக்கவில்லை. வேலை கிடைக்காத பொறியியல் பட்டதாரியும் உண்டு. அதை யார் மறுக்க முடியும்? ஆனால் பொறியியல் படித்தவனைப் பார்த்து, "காலம் சரியில்லை" என்கிறார்கள். வரலாறு படித்தவனைப் பார்த்து, "படிப்பே சரியில்லை" என்கிறார்கள். ஏன் இந்த ஓரவஞ்சனை?

இருக்கட்டும். இனிக் கபடத்துக்கு வருவோம். வரலாறு உதவாக்கரைப் படிப்பு என்றால், அதை ஒரு மூலையிலே போட்டுவிட வேண்டியதுதானே? ஏன் அதன்மேல் இத்தனை கைகள் பாய்கின்றன? கேட்கிறோம், பதில் சொல்லட்டும்!

2021-ஆம் ஆண்டு, பல்கலைக் கழக மானியக் குழு இளங்கலை வரலாற்றுக்கென்று புதிய வரைவுப் பாடத்திட்டம் ஒன்றை வெளியிட்டது. முதல் தாளின் பெயரே 'பாரதம் என்னும் கருத்து'. வேதமும் உபநிடதமும் அதிலே உண்டு. ஆர்.எஸ். சர்மா, இர்பான் ஹபீப் போன்ற பேரறிஞர்களின் புகழ்பெற்ற நூல்கள் படிப்புப் பட்டியலிலிருந்து விடுபட்டன என்று வரலாற்றாசிரியர்கள் கண்டனக் குரல் எழுப்பினார்கள். 2023-இல் மத்திய அரசு நிறுவனம் அச்சிட்ட பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்று நூலில், முகலாய அரசவை பற்றிய பாடமே காணாமற் போயிற்று. மாணவர் சுமையைக் குறைக்கவாம்! சுமை குறைக்கப் புறப்பட்டவர் கையிலே அகப்பட்டது எந்த மூட்டை என்பதைப் பாருங்கள்.

நம் பக்கத்துக் கீழடியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே அகழாய்வைத் தொடங்கி, முதல் இரண்டு கட்டங்களை நடத்திய அமர்நாத் இராமகிருஷ்ணன், 2023 ஜனவரியில் தம் அறிக்கையைக் கொடுத்தார். இரண்டு ஆண்டுக்கு மேல் அது டெல்லியில் உறங்கியது. 2025 மே மாதம் கண் விழித்தது. விழித்ததும் என்ன சொன்னார்கள்? கணித்த காலத்துக்கு மேலும் சான்று வேண்டும், திருத்தி எழுதிக் கொடு என்றார்கள். மண் சொன்னதை எழுதினேன் என்று நின்றார் அவர்.

உதவாத படிப்புக்கா இத்தனை உருட்டல், மிரட்டல்? பயனற்ற பாடத்திலா இத்தனை வெட்டு, ஒட்டு? இல்லை தோழர்களே! ஏழை படித்தால் 'சோறு போடாது' என்கிற அதே வரலாறு, எழுதுகிறவன் கையில் அரியணையையே தாங்குகிறது. ஆகவேதான் அதைத் தம் கையிலே வைத்துக்கொள்ளத் துடிக்கிறார்கள். நம் பிள்ளைகள் அதைப் படிக்காமலிருப்பது அவர்களுக்கு வசதி!

நம் ஊரையே பாருங்கள். நாள்தோறும் நாம் அண்ணாந்து பார்க்கிற மலைக்கோட்டை வெறும் பாறையா? 1755-இல் ஐதர் அலி மைசூர் அரசின் படைத்தலைவராகத் திண்டுக்கல்லுக்கு வந்தார். பின்னாளில் வெள்ளையரைக் கதிகலங்க வைத்த அந்த வீரர், தம் படைபலத்தைப் பெருக்கத் தொடங்கிய களம் நம் ஊர். 1772-இல் காளையார்கோவிலில் கணவரை வெள்ளையர் குண்டுக்குப் பறிகொடுத்த வேலு நாச்சியார், அடைக்கலம் தேடி வந்தது இந்தச் சீமைக்கு. விருப்பாச்சியிலும் திண்டுக்கல்லிலும் தங்கி, ஐதர் அலியின் உதவியோடு படை திரட்டி, 1780-இல் சிவகங்கையை மீட்டார். 1790-இல் கோட்டை வெள்ளையர் கைக்குப் போயிற்று. 1792-ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கை அதை உறுதியாக்கியது. விருப்பாச்சி கோபால் நாயக்கர் சும்மா இருந்தாரா? பாளையக்காரர்களைத் திரட்டினார், 1801-இல் தூக்குக் கயிற்றை முத்தமிட்டார். ஒரு முசுலிம் தளபதி, ஒரு மறக்குலப் பெண்ணரசி, தெலுங்கு பேசும் குடியிலே பிறந்த ஒரு பாளையக்காரர்! மூவரும் ஒரே அணியில் நின்ற மண் இது. இதைப் படித்த பிள்ளையிடம் வந்து மதவெறிச் சரக்கை விற்றுவிட முடியுமா?

இன்னும் பின்னே போவோம். பழனிக்குத் தென்மேற்கே, மலையடிவாரத்தில் பொருந்தல் என்றொரு சிற்றூர். 2009, 2010-ஆம் ஆண்டுகளில் புதுவைப் பல்கலைக் கழகப் பேராசிரியர் கா. ராஜன் அங்கே அகழ்ந்தார். ஒரு ஈமக்குழியிலே ஒரு சாடி, சாடிக்குள்ளே நெல்! கூடவே தமிழ் எழுத்துப் பொறித்த பானைத் தாங்கி! நெல்லை அமெரிக்க ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். கி.மு. 490-ஐ ஒட்டியது என்று கணக்கு வந்தது. ஏறத்தாழ இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் சீமைக்காரன் நெல்லும் விளைத்தான், எழுத்தும் அறிந்தான். சரித்திரம் சோறு போடுமா என்றா கேட்கிறீர்கள்? பொருந்தல் மண்ணிலே சரித்திரம் நெல்லாகவே கிடந்தது!

ஆனால் ஒன்று. பழம்பெருமை பேசி மீசை முறுக்குவதற்கு மட்டுந்தான் வரலாறு என்றால், அதற்குப் பட்டப்படிப்பு எதற்கு? திருவிழாப் பாட்டே போதும். மூன்றாண்டு உட்கார்ந்து படிப்பது, பெருமையையும் உரைத்துப் பார்ப்பதற்கு.

சோழர் காலம் பொற்காலம் என்பார்கள். கல்வெட்டைப் படியுங்கள். தறிக்கு வரி, தறியிறை. செக்குக்கு வரி, செக்கிறை. பொற்கொல்லனுக்கு வரி, தட்டார்ப்பாட்டம். குயவனுக்கு வரி, குசக்காணம். கூலியில்லாத கட்டாய உழைப்புக்கும் ஒரு பெயர் உண்டு, வெட்டி! இராசராசன் எடுப்பித்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்லிலே கம்மாணச்சேரி இருக்கிறது; தீண்டாச்சேரி என்ற சொல்லும் இருக்கிறது. கோபுரத்தின் உயரத்தைச் சொல்லுகிறவர் ஏராளம். அந்தக் கோபுரத்துக்குக் கல் சுமந்தவன் எந்தச் சேரியில் படுத்தான் என்று கேட்கிறவன் எங்கே? நெசவாளி வீட்டுப் பிள்ளை தறியிறை என்ற சொல்லைக் கல்லிலே தடவிப் படிக்கும்போது, மற்றவர் கண்ணுக்குப் புலப்படாதது அவன் கண்ணுக்குப் புலப்படும்.

இந்தக் கல்லைப் படிக்க ஜப்பானிலிருந்து ஒருவர் வந்தார். நொபொரு கராஷிமா என்பது அவர் பெயர். 1961-இல் சென்னைக்கு வந்து தமிழ்க் கல்வெட்டு பயின்றார். சோழ நாட்டிலே நிலம் யார் கையில் இருந்தது, எப்படிக் கைமாறியது என்று கல்லைக் கேட்டார். கல் பதில் சொல்லிற்று. இங்கிலாந்திலே இ.பி. தாம்சன் தொழிலாளருக்கு மாலை வகுப்பு நடத்திய ஆசிரியர். காலுறை பின்னியவன், தறி ஓட்டியவன் ஆகியோரின் வரலாற்றை 1963-இல் பெரும் நூலாக எழுதினார். உலகமே திரும்பிப் பார்த்தது. மயிலை சீனி. வேங்கடசாமி யார்? பள்ளிக்கூட ஆசிரியர். பௌத்தத்தையும் சமணத்தையும் களப்பிரரையும் பற்றி அவர் எழுதியவை இன்றும் நிற்கின்றன. கல்லூரி தராத கருவிகளை அவர் தாமே தேடித் திரட்ட வேண்டியிருந்தது. நம் பிள்ளைக்கு அந்தக் கதவு திறந்திருக்கிறது. 1966-இல் திண்டுக்கல்லுக்கு மகளிர் அரசு கலைக் கல்லூரி வந்தது. அரசுக் கல்லூரிகளில் இளங்கலைக் கல்விக் கட்டணம் எடுக்கப்பட்டது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் திட்டம் 2022-இலும், ஆணுக்கு 2024-இலும் தொடங்கின. போராடிப் பெற்ற கதவு இது, சும்மா திறந்ததல்ல.

கதவு திறந்துவிட்டது; உள்ளே என்ன நடக்கிறது? வேறெதிலும் இடம் கிடைக்காதவனைத் தள்ளிவிடும் மூலையாக வரலாற்று வகுப்பை ஆக்கலாமா? தேர்வுக்கு முதல் நாள் கடையில் வாங்கிய நோட்ஸைக் கரைத்துக் குடித்து, மறுநாள் தாளிலே கொட்டிவிட்டு வருவதா வரலாறு? மலைக்கோட்டை நிழலிலே மூன்றாண்டு படித்தவன், ஒரு கல்வெட்டைக் கூடத் தொட்டுப் படிக்காமல் பட்டம் வாங்குவது நியாயமா? மாணவர்களைப் பொருந்தலுக்கும் விருப்பாச்சிக்கும் அழைத்துப் போக எவ்வளவு செலவாகிவிடும்? பேராசிரியர் நாற்காலி காலியாகக் கிடக்கக் கூடாது. தமிழிலே தரமான வரலாற்று நூல்கள் வர வேண்டும். மைசூரிலே கிடந்த தமிழ்க் கல்வெட்டுப் படிகளைச் சென்னைக்கு மாற்றுமாறு 2021-இல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை இட்ட ஆணை, முழுமையாகப் பலன் தர வேண்டும். இவை சலுகைகளல்ல, உரிமைகள்.

மாணவத் தம்பிக்கும் தங்கைக்கும் ஒரு வார்த்தை. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூட்டுக்குப் பெயர் வந்தது. பூட்டுச் செய்தவன் வரலாறு வந்ததா? மாங்காய்ப் பூட்டை முதலில் அடித்த கை எது? தோல் பதனிட்டவன் எத்தனை நாள் வேலை நிறுத்தம் செய்து எத்தனை அணாக் கூலி உயர்வு பெற்றான்? சுருட்டுச் சுற்றிய கூடங்களில் கூலியை எப்படிக் கணக்கிட்டார்கள்? அதை எழுத ஜப்பானிலிருந்து இன்னொருவர் வரும்வரை காத்திருக்கப் போகிறீர்களா?

தொழிலாளத் தோழனே! உன் வீட்டுத் தகரப்பெட்டியைத் திற. தாத்தாவின் சங்கச் சந்தாச் சீட்டு இருக்கும். பழைய கூலி நோட்டு இருக்கும். மங்கிப்போன வேலைநிறுத்தத் துண்டறிக்கை இருக்கும். பழைய காகிதக் கடைக்குப் போடாதே. அவை ஆவணங்கள்! வரலாறு படிக்கும் பிள்ளையைக் கூப்பிட்டுப் பக்கத்திலே உட்கார வை. நடந்ததைச் சொல், எழுதிக்கொள்ளச் சொல். எழுதியதை உரைத்துப் பார்க்கக் கல்லூரி கற்றுக் கொடுக்கட்டும்.

நம் கதையை நாம் எழுதாவிட்டால் பிறர் எழுதுவர். பிறர் எழுதினால் அதிலே நாம் இருக்கமாட்டோம். நாம் கட்டிய வரி மட்டுந்தான் இருக்கும்!