எண்ணும் முட்டையும்

நாமக்கல் வழியே செல்வோர் நீண்ட கோழிப் பண்ணைகளையும், முட்டைத் தட்டுகளை அடுக்கிச் செல்லும் லாரிகளையும் காணாதிருத்தல் அரிது. இம்முட்டைகள் கேரளத்திற்கும், நம் பள்ளிச் சிறாரின் சத்துணவிற்கும், வளைகுடா நாடுகளுக்கும் செல்கின்றன. கோழிக்குரிய மக்காச்சோளமோ கருநாடகம், பீகார் முதலிய தொலைவிடங்களினின்றும் வருகின்றது. இங்ஙனம் விளைநிலத்தில் தொடங்கி உண்கலத்தில் முடியும் தொடரையே வழங்கற்சங்கிலி என்பர்.

இச்சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் விரயமாவது எத்துணை என்று நாம் எண்ணுவதுண்டோ? முட்டைக்கோழி ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 110 கிராம் தீவனம் உண்ணும். ஓரிலக்கம் கோழிகளுள்ள பண்ணையில் கோழிக்கு ஒரு கிராம் வீதம் சிந்தினும், நாள்தோறும் 100 கிலோ மண்ணாகும். ஆண்டிறுதியில் அது 36 டன்னுக்கும் மேலாகும். அதனை விளைத்த நீரும், சுமந்து வந்த லாரியின் டீசலும் உடன் வீணாயின அன்றோ?

இதனைத் தடுக்கும் கருவியே தரவுப் பகுப்பாய்வு. பெயர் புதிது, செயல் புதிதன்று. தீவனம், முட்டை, உடைவு, இறப்பு, வெப்பம், லாரி சென்ற தொலைவு ஆகியவற்றை நாள்தோறும் குறித்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் காரணங் காண்டலே அது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியார் வானிலையை ஆய்ந்து, அதற்கேற்பக் கோழிகளைப் பேணும் முறையை நாளிதழ் வாயிலாக அறிவுறுத்தி வருவது இதற்கு நற்சான்று. 1982-இல் தோன்றிய தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு முட்டைக்கு விலை அறிவித்து வருகின்றது. விலையை எண்ணக் கற்ற நாம் விரயத்தையும் எண்ணக் கற்றல் வேண்டும்.

'அனுபவமே போதுமே, கணக்கு எற்றுக்கு?' என்பாருளர். அனுபவம் தன் பண்ணையை மட்டுமே காணும். முட்டையை இறக்கிவிட்டு வெறுமையாய்த் திரும்பும் லாரியும், அதே ஊரில் லாரி தேடி நிற்கும் வணிகரும் ஒருவரையொருவர் அறியார். பலர் கணக்கும் ஓரிடத்துக் கூடினாலன்றி இக்குறை தீராது.

ஆயினும் நமக்கு ஓர் அச்சமும் உண்டு. எண்களெல்லாம் பெருமுதலாளர் கையிலேயே தங்குமாயின், சிறு பண்ணையாளர் மேலும் நலிவர். லாரியின் ஓட்டத்தைக் காட்டும் கருவி ஓட்டுநரை விரட்டும் சாட்டையாகவும் கூடும். டீசல் மிச்சமாக, மனிதன் உறக்கம் இழப்பின் அது சிக்கனமாகாது. ஆகலின், கணக்கைத் தந்தவர்க்கே அதன் பயனும் சேர்தல் வேண்டும் என்பது நம் துணிபு. சேலத்து ஜவ்வரிசி உற்பத்தியாளர் 1981-இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, ஒன்றுபட்டு விற்க வழி கண்டனர். சிறு பண்ணையாளரும் அவ்வண்ணமே கூடித் தம் கணக்கைத் தாமே ஆளலாகாதோ?

மாணவ நண்பர்களே! கணிதம் பயில்வோர் விடுமுறையில் ஊர் சென்று, பண்ணைக்குக் குறிப்பேடு ஒன்று தொடங்கித் தருக. தமிழ் பயிலும் நாம், அக்கணக்கு உரைப்பதைப் பண்ணையாளர்க்கு விளங்கும் எளிய சொற்களில் எழுதித் தருவோம். எண்ணும் எழுத்தும் ஒருங்கு கூடின், சிந்தும் தீவனமும் குறையும், சிறியோரும் வாழ்வர்.