பங்குனி ஆமையைத் தேடி ஒரு நடை
நடைப்பயணம் என்றாலே ஏலகிரி, கொல்லிமலைதானா? அடையாறுக்குப் பக்கத்திலேயே ஒரு ராத்திரி நடை இருக்கிறது. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை, சுமார் 7 கிலோமீட்டர். முழுக்க மணல், கால் கெஞ்சும்!

1988-லிருந்து மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர் சீசன்தோறும் நடக்கிறார்கள். வார இறுதிகளில் நாமும் சேரலாம். டிராக்டர் டயர் உருண்டதுபோல் தடம் தெரிந்தால், அங்கே பங்குனி ஆமை ஏறி வந்திருக்கிறது. நூறு முட்டை வரை இருக்கும். எடுத்துப்போய்ப் பொரிப்பகத்தில் புதைப்பார்கள். 45 நாளில் குஞ்சு. வெளிச்சமான பக்கம்தான் கடல் என்று அது நம்பும். நம் தெருவிளக்கோ ரோட்டுக்கு இழுக்கிறது. அதனால் செல்போன் டார்ச் வேண்டாம்.

வலையில் சிக்கி, மூச்சு முட்டிச் செத்து ஒதுங்கிய ஆமைகளும் கண்ணில் படும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. குழந்தைகளிடம் முன்பே சொல்லிக் கூட்டிப்போங்கள்.