தாலியைக் கழற்றிக் கொடுத்தால் தீர்ந்துவிடுமா?

ரிங்லெட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பல வருசம் கொழுந்து பறித்த தாய் ஒருத்தி கேட்டார்: “ஐயா, கோயில்ல வச்சுப் பேசி முடிச்சிட்டாங்க. தாலியக் கழட்டிக் கொடுத்துட்டேன். ரெண்டு பேரும் தாள்ல கையெழுத்தும் போட்டாச்சு. இனிமே எனக்கும் அவருக்கும் ஒண்ணும் இல்லதானே?”

இல்லை அம்மா, எல்லாம் இருக்கிறது. சட்டத்தின் கண்ணில் இன்றைக்கும் நீங்கள் அவருடைய மனைவி. அவர் உங்கள் கணவர். தலைவரும் பெரியவர்களும் நல்ல மனத்தோடுதான் பேசி முடித்திருப்பார்கள். ஆனால் அந்தத் தாளுக்குக் கோர்ட்டில் விவாகரத்து என்ற மதிப்பு கிடையாது.

முஸ்லிம் அல்லாதவர்களுக்கான திருமண, மணவிலக்குச் சட்டம் 1976ல் இயற்றப்பட்டு, 1982 மார்ச் 1ஆம் தேதி அமலுக்கு வந்தது. அதன் பிறகு ஒருவனுக்கு ஒருத்தி என்பதே சட்டம். கணவன் மனைவியில் ஒருவர் இறக்க வேண்டும். அல்லது கோர்ட் தீர்ப்பளிக்க வேண்டும். வேறு எந்த வழியிலும் திருமணம் முடியாது. பஞ்சாயத்துத் தாளை நம்பி இன்னொரு கல்யாணம் செய்தால் அது செல்லாது. அதோடு குற்றவியல் சட்டப்படி ஏழு வருசம் வரை சிறையும் உண்டு. “பிரிஞ்சிட்டோம்னு நெனச்சேங்க” என்று சொன்னால் மட்டும் தப்பிவிட முடியாது.

பதிவு உண்டா, இல்லையா?

முதலில் பார்க்க வேண்டியது திருமணப் பத்திரம். 1982 மார்ச் 1க்கு முன் முறைப்படி தாலி கட்டியவர்களின் திருமணத்தைப் பதிவானதாகவே சட்டம் எடுத்துக்கொள்கிறது. நம் தாத்தா பாட்டிகள் அந்த வகை. அதற்குப் பிறகு மணந்தவர்கள் பதிவதிகாரி முன்னிலையிலோ, அரசாங்கம் துணைப் பதிவதிகாரியாக நியமித்த கோயில் பொறுப்பாளர் முன்னிலையிலோ பதிந்திருக்க வேண்டும்.

“மூணு முடிச்சு போட்டாச்சு, ஐநூறு பேருக்குச் சோறு போட்டாச்சு, பதிவு எதுக்கு?” என்று விட்டவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! பிரிவு வரும்போதுதான் அதன் வலி தெரியும். பதிவு இல்லாத பெண் மனைவி என்ற முறையில் சொத்தில் பங்கும் ஜீவனாம்சமும் கேட்டு நிற்பது பெரும்பாடு. பிள்ளைகளுக்கோ பிறப்புப் பத்திரத்திலிருந்து ஐசி வரை இழுபறி. ஒரே ஆறுதல், பதிவு இல்லாவிட்டாலும் தகப்பன் பிள்ளைக்குச் சோறு போட வேண்டும் என்று 1950ஆம் ஆண்டின் ஜீவனாம்சச் சட்டம் சொல்கிறது. சேர்ந்து வாழ்கிறவர்கள் இன்றே போய்ப் பதிந்துகொள்ளுங்கள். நல்ல காலத்தில் செய்கிற வேலை இது.

கோர்ட்டுக்குப் போகும் பாதை

பாதை இரண்டு. இருவரும் மனமொத்துப் பிரிவதென்றால் கூட்டு மனு போடலாம். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என்ன ஏற்பாடு என்பதை அதிலேயே எழுத வேண்டும். செலவும் குறைவு, மனக்கசப்பும் குறைவு. ஒருவர் மட்டும் கேட்பதென்றால், சேர்ந்து வாழ வழியில்லை என்பதற்குக் காரணம் காட்ட வேண்டும்: வேறு தொடர்பு, பொறுக்க முடியாத நடத்தை, இரண்டு வருசமாக விட்டுப் போனது, இரண்டு வருசமாகப் பிரிந்து வாழ்வது. பொதுவாகத் திருமணமாகி இரண்டு வருசம் ஆகாமல் மனு போட முடியாது. மிகக் கொடுமையான நிலை என்றால் விலக்குக் கேட்கலாம்.

ஒருவர் மட்டும் மனு போடுவதற்கு முன், தேசியப் பதிவிலாகாவின் சமரசக் குழுவுக்குப் போக வேண்டும். அங்கே வழக்கறிஞர் வந்து பேச முடியாது. நீங்களேதான் பேச வேண்டும். மலாய் தெரியவில்லையே என்று பயந்து பாதியில் நிறுத்தியவர்கள் உண்டு. பிள்ளைகளில் ஒருவரையோ தம்பி தங்கையையோ துணைக்கு அழைத்துப் போங்கள். புருசன் எங்கே இருக்கிறான் என்றே தெரியாதவர்களுக்கு இந்தப் படி தேவையில்லை.

பிறகு உயர்நீதிமன்றம். பகாங்கில் அது தெமர்லோவிலும் குவாந்தானிலும் இருக்கிறது. மலையிலிருந்து இறங்கிப் போய் வந்தால் ஒரு நாள் கூலி போச்சு, பஸ் காசும் போச்சு. இந்தத் தூரமே பல பெண்களைப் பஞ்சாயத்துத் தாளோடு நிறுத்திவிடுகிறது. வருமானம் குறைந்தவர்கள் அரசாங்கத்தின் சட்ட உதவி இலாகாவை நாடலாம். விவாகரத்து, ஜீவனாம்ச வழக்குகளை அவர்கள் எடுத்து நடத்துகிறார்கள். ஒன்றை நினைவில் வையுங்கள்: தீர்ப்புச் சொன்ன அன்றைக்கே எல்லாம் முடிந்துவிடாது. பொதுவாக மூன்று மாதம் கழித்துத்தான் அது இறுதித் தீர்ப்பாகிறது. அதுவரை மறுமணப் பேச்சே எடுக்கக் கூடாது.

வீடு யாருக்கு?

நம் பெண்களைத் தடுத்து நிறுத்துகிற கேள்வி இதுதான். லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை செய்கிறவர் பெயரில் கொடுத்தது. கணவன் பெயரில் வேலை, கணவன் பெயரில் வீடு என்றால் அதைப் பங்கு போட்டுக் கொடுக்கக் கோர்ட்டால் ஆகாது. ஆகவே பிரிவதற்கு முன்னாலேயே, தன் பெயரில் வேலையும் வீடும் கிடைக்குமா என்று நிர்வாகத்திடம் தொழிற்சங்கத் தலைவர் மூலம் கேட்டு வைப்பது புத்தி. கோபத்தில் மூட்டை கட்டிக்கொண்டு வெளியேறிய பிறகு கேட்டால் கஷ்டம்.

கல்யாணத்துக்குப் பிறகு வாங்கிய நிலம், பட்டணத்து மலிவு வீடு, கார், சேமிப்பு இவையெல்லாம் பங்குக்கு வரும். இதில் ஒரு பெரிய மாற்றம் நடந்திருக்கிறது. சட்டம் 2017ல் திருத்தப்பட்டு 2018 டிசம்பர் 15 முதல் நடப்பில் உள்ளது. பணம் போட்டவர் யார் என்பதோடு, வீட்டையும் குடும்பத்தையும் பார்த்துக்கொண்ட உழைப்பையும், எத்தனை வருசம் வாழ்ந்தார்கள் என்பதையும் கோர்ட் கணக்கில் எடுத்துச் சமபங்கை நோக்கிப் போக வேண்டும். “நீ என்ன சம்பாதிச்ச?” என்று இனி எந்தப் புருசனும் சுலபமாகக் கேட்டுவிட முடியாது. விடியற்காலை எழுந்து பொங்கிப் போட்டதும் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கண் விழித்ததும் சட்டத்தின் ஏட்டில் ஏறிவிட்டன.

கடனும் அப்படித்தான். மோட்டாருக்கும் காருக்கும் நீங்கள் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் விவாகரத்து அதை அழிக்காது. கூட்டுப் பணம், அடகுச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இ.பி.எஃப்.பில் வாரிசாக யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். பிரிந்த பிறகு நீங்களே போய் மாற்றாவிட்டால், பழைய பெயருக்கே பணம் போகக்கூடும். சொக்சோவிலும் சட்டப்படியான மனைவிக்கும் பிள்ளைகளுக்குமே உரிமை. தாளில் மட்டும் பிரிந்தவர் வேலையிடத்தில் இறந்தால், பின்னால் வந்த பெண் வெறுங்கையோடு நிற்பாள்.

பிள்ளைகள்

ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளை தாயிடம் இருப்பதே நல்லது என்று சட்டம் முதலில் எடுத்துக்கொள்கிறது. தகப்பன் எதிர்த்துக் காரணம் காட்டலாம். பிள்ளை யாரிடம் இருந்தாலும் செலவு தகப்பன் பொறுப்பு. முன்பு பதினெட்டு வயதோடு நின்ற இந்தப் பொறுப்பு, 2018 திருத்தத்துக்குப் பிறகு, மேற்படிப்பு படிக்கிற பிள்ளைக்குப் படிப்பு முடியும் வரை நீள்கிறது. கோர்ட் உத்தரவிட்டும் பணம் தராதவனின் சம்பளத்திலிருந்தே பிடித்துக் கொடுக்க 1968ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. விவாகரத்து கேட்காமலே ஜீவனாம்சம் மட்டும் கேட்கவும் வழி உண்டு.

ஈப்போ ஆசிரியை இந்திரா காந்தியின் வழக்கை யாரும் மறந்திருக்க முடியாது. 2009ல் மதம் மாறிய கணவர், மூன்று பிள்ளைகளையும் தாய்க்குத் தெரியாமல் மதம் மாற்றி, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனார். பிள்ளையை மதம் மாற்றத் தாய் தகப்பன் இருவர் சம்மதமும் வேண்டும் என்று 2018 ஜனவரி 29ல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் தீர்ப்பு வந்த பின்னும் அந்தக் குழந்தை தாயிடம் வந்து சேரவில்லை. அதனால்தான் பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தையும் பாதுகாப்பு உத்தரவையும் நாள் கடத்தாமல் கவனியுங்கள் என்கிறோம்.

அடி வாங்கிக்கொண்டு காத்திருக்காதீர்கள்

அடி உதை உள்ள வீட்டில் சமரசப் பேச்சு பிறகு. முதலில் உயிர். 1994ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டப்படி போலீசில் புகார் கொடுத்தால் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். 15999 எண்ணுக்கு எந்த நேரமும் போன் செய்யலாம். ஆஸ்பத்திரிச் சீட்டையும் போலீஸ் ரிப்போர்ட்டையும் பத்திரப்படுத்துங்கள்.

பிரியச் சொல்லி இதை எழுதவில்லை. ஒட்டுகிற குடும்பம் ஒட்டட்டும். குடியை விட்டு, மனம் விட்டுப் பேசித் திருந்திய வீடுகளும் உண்டு. ஆனால் உடைந்தே தீரும் என்றால், ஐசி, திருமணப் பத்திரம், பிறப்புப் பத்திரங்கள், சம்பளச் சீட்டு, பேங்க் புத்தகம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு நம்பிக்கையான இடத்தில் வையுங்கள். “அப்பாகிட்ட போய்ச் சொல்லு”, “அம்மாகிட்ட கேட்டுட்டு வா” என்று பிள்ளையைத் தபால்காரன் ஆக்காதீர்கள்.

பஞ்சாயத்தில் உட்காரும் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. சமாதானம் செய்யுங்கள், அது உங்கள் தர்மம். முடியாதபோது வெள்ளைத் தாளை நீட்டாதீர்கள். பதிவிலாகாவுக்கும் சட்ட உதவி இலாகாவுக்கும் வழிகாட்டுங்கள். முடிந்தால் அந்தப் பெண்ணோடு ஒரு நாள் துணைக்கும் போய் வாருங்கள்.