பதினெட்டில் வைத்தும் ஏன் புழுங்குகிறது?

கடல் காற்று எட்டாத ஊர் கொட்டாம்பட்டி. மதுரையிலிருந்து திருச்சி போகும் நாற்கரச் சாலையில் மேலூரைத் தாண்டி, துவரங்குறிச்சிக்கு முன்னால், பாறைக்கும் தென்னந்தோப்புக்கும் நடுவே இருக்கிறது. சித்திரை பிறந்ததும் 'மதுரையில் வெயில் சதமடித்தது' என்று செய்தி வரும். இங்கும் அதே வெயில்தான். முன்பெல்லாம் இந்தப் பக்கம் ஏ.சி. என்றால் பேங்க், ஏ.டி.எம்., டாக்டர் ரூம். இப்போது பிள்ளை சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கும் வீடுகளிலும், வாத்தியார் வீடுகளிலும், மாதத் தவணையில் வாங்கிவிட்ட சாதாரணக் குடும்பங்களிலும் மாடி ரூமில் ஒன்று மாட்டியிருக்கிறது. இதை ஆடம்பரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசே அறிவித்துவிட்டது. முதியவரோ கைக்குழந்தையோ இருக்கும் வீட்டுக்குக் குளிர்ந்த ஓர் அறை அவசியத் தேவை.

என் கவலை, கடன்பட்டு வாங்கிய அந்த ஏ.சி.யை எந்த எண்ணில் வைப்பது என்று நமக்குச் சொல்லித் தருபவர் யாரும் இல்லை என்பதுதான். அரசு ஓர் எண்ணைச் சொல்கிறது, கடைக்காரர் ஒன்றைச் சொல்கிறார், வீட்டில் ஆளுக்கு ஓர் எண். கடைசியில் ரிமோட் 18-இல் போய் நிற்கிறது. அப்படியும் புழுக்கம் தீரவில்லை என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுகிறோம். 'கேஸ் கம்மியா இருக்கும்ணே, ஏத்திரலாம்' என்பார். பல வீடுகளில் கேஸ் சரியாகவே இருக்கிறது. கோளாறு இருப்பது அறையின் ஈரத்திலும் தலைக்கு மேலுள்ள தளத்திலும்.

அரசு சொல்லும் எண்ணை முதலில் எடுத்துக்கொள்வோம். நட்சத்திரக் குறியீடு பெறும் ஏ.சி.கள் எல்லாம், இயக்கியதும் 24 டிகிரியில் தொடங்கும்படி அமைக்கப்பட வேண்டும் என்ற விதி 2020 ஜனவரி முதல் இருக்கிறது. ஒரு டிகிரி கூட்டி வைத்தால் ஏறத்தாழ 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்பது எரிசக்தித் திறன் அமைப்பின் கணக்கு. 2025 ஜூனில் மத்திய மின்துறை அமைச்சர் மனோகர் லால் கட்டர் இன்னும் ஒரு படி மேலே போய், ஏ.சி.களை 20 டிகிரிக்குக் கீழே இறக்கவோ 28-க்கு மேலே ஏற்றவோ முடியாதபடி வரம்பு கட்டப்போவதாக அறிவித்தார். 2024 கோடையில் தமிழ்நாட்டின் உச்ச மின்தேவையே 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. அதைப் பார்க்கையில் இந்த அக்கறை நியாயமானதுதான். ஆனால் ஒருவர் ஏன் 18-க்குப் போகிறார் என்ற கேள்வியை அந்த அறிவிப்பு கேட்கவே இல்லை.

ரிமோட்டில் தெரியும் எண் காற்றின் வெப்பத்தை மட்டுமே சொல்கிறது. உடம்பு உணர்வதோ நான்கையும் சேர்த்து: காற்றின் வெப்பம், காற்றிலுள்ள ஈரம், காற்றின் ஓட்டம், சுவரும் தளமும் நம்மீது வீசும் வெக்கை. நான்கில் ஒன்றை மட்டும் திருகிக்கொண்டிருந்தால் மற்ற மூன்றும் அப்படியேதான் கிடக்கும்.

ஈரம்தான் இதில் பலரும் கவனிக்காதது. மதுரைச் சமவெளியில் கோடை மதியம் காய்ந்த வெயில், சென்னை மாதிரி கசகசப்பு கிடையாது என்று நினைக்கிறோம். மதியத்துக்கு அது சரி. மே மாதத்தில் ஒரு நாள் மதியம் 39 டிகிரி வெயில், காற்றில் ஈரப்பதம் 40 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த காற்று போலத்தான் படும். அதே காற்றை ஒரு சொட்டு நீரும் எடுக்காமல் 27 டிகிரிக்குக் குளிர வைத்தால் ஈரப்பதம் 78 சதவீதமாக ஏறிவிடும். 24-க்கு இறக்கினால் 90-ஐத் தாண்டும். இத்தனை நீரும் மதியமே காற்றில் இருந்ததுதான், வெப்பம் அதைத் தெரியாமல் வைத்திருந்தது. இரவில் அறை குளிரக் குளிர அது தோலில் வந்து ஒட்டுகிறது. இதற்கு மேல் கோடை மழை ஒன்று அரைகுறையாகப் பெய்து தரையிலிருந்து ஆவி கிளம்பினால் கேட்கவே வேண்டாம்.

இந்த நீரை வெளியேற்றுவது ஏ.சி.யின் பாதி வேலை. சொல்லப்போனால் அது பிறந்ததே அதற்காகத்தான். 1902-இல் நியூயார்க் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் ஈரக் காற்றால் காகிதம் விரிந்து சுருங்கி, வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பதியாமல் போயின. அதைச் சரிசெய்ய வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் வடிவமைத்த கருவியே இன்றைய ஏ.சி.க்கு முன்னோடி. காய்ந்த தட்பவெப்பம் இயற்கையாகவே வாய்த்த நம் சிவகாசி அச்சுத் தொழிலில் செழித்ததையும் இதோடு சேர்த்து நினைத்துப் பார்க்கலாம்.

ஏ.சி.க்குள் இருக்கும் 'காயில்' என்ற குழாய்ச்சுருள் நன்றாகக் குளிர்ந்திருந்தால் காற்றிலுள்ள நீர் அதன்மேல் முத்து முத்தாகப் படிந்து, குழாய் வழியே வெளியே சொட்டும். கம்ப்ரசர் நின்று ஃபேன் மட்டும் ஓடினால், காயிலில் படிந்த நீர் ஆவியாகி அறைக்கே திரும்பிவிடும். பத்துக்குப் பத்து ரூமில் ஒன்றரை டன் ஏ.சி.யை மாட்டினால் நடப்பது இதுதான். சில நிமிடங்களில் காற்று குளிர்ந்துவிடும், கம்ப்ரசர் ஓய்ந்துவிடும், ஈரம் இறங்க நேரமே கிடைக்காது. இன்வெர்ட்டர் ஏ.சி. நிற்காமல் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆனால் மெதுவாக ஓடும்போது காயில் அவ்வளவு குளிர்வதில்லை, நீரும் குறைவாகவே இறங்கும். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டு மாடி ரூமில் இதைக் கண்ணாலேயே பார்த்தேன். வெளியே ஹோஸ் முனையில் ஒரு காலி பெயிண்ட் வாளி வைத்திருக்கிறார்கள். 24-இல் வைத்து, ஃபேனை முழு வேகத்தில் ஓடவிட்ட இரவுகளில் விடியும்போது வாளியின் அடி நனைந்திருக்கும், அவ்வளவுதான். அதே 24, ஃபேன் மட்டும் குறைந்த வேகம் என்று மாற்றிய பிறகு செடிக்கு ஊற்றும் அளவுக்குத் தண்ணீர் நின்றது.

18-க்குப் போகிறவர் அறியாமையால் போகவில்லை என்று நான் சொல்வது இதனால்தான். 18 என்று வைத்தால் அறை அந்த அளவை எட்டுவதே இல்லை, கம்ப்ரசர் முழு மூச்சாக ஓடிக்கொண்டே இருக்கிறது, அந்த ஓட்டத்தில் ஈரமும் இறங்குகிறது. கசகசப்பு நிஜமாகவே போகிறது. ஈரத்தைப் போக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். போர்வைக்குள் நடுங்குவதும், காலையில் மூட்டு பிடித்துக்கொள்வதும், கரண்ட் பில்லும் அதற்குக் கொடுக்கும் விலை. 20-க்குக் கீழே போகக் கூடாது என்று சட்டம் போட்டால் அந்த முரட்டு வழியும் அடைபடும். மாற்று வழியை யார் சொல்லித் தருவது?

மாற்று வழி ரிமோட்டிலேயே இருக்கிறது. 'டிரை' என்று நீர்த்துளி படம் போட்ட பொத்தானைப் பலர் அழுத்திப் பார்த்ததே இல்லை. அதில் ஃபேன் மெதுவாகச் சுற்றும், காயில் நன்றாகக் குளிரும், நீர் இறங்கும். மழை பெய்து ஓய்ந்த கோடை இரவுக்கும், ஐப்பசிப் புழுக்கத்துக்கும் அது ஏற்றது. மே மாத மதியம் இரண்டு மணிக்கு அதைப் போட்டால் பயனில்லை. அப்போது தேவை குளிர்ச்சி. 'கூல்' போட்டு 26-இல் வைத்து, மேற்கு ஜன்னலை மூடித் திரைபோட்டால் போதும். இரவில் 26, 27. கூடவே சீலிங் ஃபேன். மெல்லிய காற்றோட்டமே உடம்புக்கு இரண்டு மூன்று டிகிரி குறைத்துக் காட்டும். அதற்கு ஃபேன் இழுக்கும் மின்சாரம் 75 வாட்தான், புது ரக பி.எல்.டி.சி. ஃபேன் என்றால் அதிலும் பாதிக்குக் கீழே. பின்னிரவில் எண் தானாக ஏறும் 'ஸ்லீப்' வசதியையும் பயன்படுத்தலாம். ஈரத்துணியை ஏ.சி. ரூமில் காயப்போடும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். காசு கொடுத்து வெளியேற்றும் நீரை நாமே உள்ளே கொண்டுவந்து வைப்பது அது. பாத்ரூம் கதவைத் திறந்து போடுவதும் அப்படியே. சில நூறு ரூபாய்க்கு ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி கிடைக்கிறது. அது 60-க்குக் கீழே காட்டினால் 27 டிகிரியிலும் நிம்மதியாகத் தூங்கலாம்.

27, 60 என்ற இந்த இரண்டும் என் கற்பனை எண்கள் அல்ல. இந்திய அரசும் அமெரிக்காவின் ஆர்.எம்.ஐ. நிறுவனமும் சேர்ந்து 2018-இல் அறிவித்த உலகளாவிய குளிர்விப்புப் பரிசுப் போட்டியில், அறை 27 டிகிரியையும் 60 சதவீத ஈரப்பதத்தையும் தாண்டக் கூடாது என்பதே நிபந்தனை. மும்பை அருகே பலாவாவில் குடியிருப்புகளில் வைத்துச் சோதித்தார்கள். 2021-இல் டைகின், கிரீ நிறுவனங்களின் அணிகள் வென்றன. சென்னை உட்பட ஐந்து நகரங்களின் அலுவலகங்களில் அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகத்தினர் செய்த ஆய்வும், வெளிநாட்டுத் தர அளவுகள் சொல்வதைவிடக் கூடுதல் வெப்பத்திலும் நம்மவர்கள் வசதியாக இருக்கிறார்கள் என்றே காட்டியது. நம் உடம்புக்கு 18 தேவையில்லை. அதற்குத் தேவை காய்ந்த 27.

தளத்தைப் பற்றிச் சொல்லாமல் இது முழுமையாகாது. மாடி ரூமில் இரவு பத்து மணிக்குக் கட்டில்மேல் ஏறி நின்று உள்கூரையைத் தொட்டுப் பாருங்கள். அடுப்பிலிருந்து இறக்கிவைத்த தோசைக்கல் மாதிரி இன்னும் சூடு இருக்கும். பகலெல்லாம் குடித்த வெயிலைக் கான்கிரீட் இரவில்தான் கக்குகிறது. அந்த வெக்கை நேராக நம் உடம்பில் விழும்போது, காற்று 24 டிகிரியில் இருந்தாலும் 24 போலப் படாது. சாயங்காலம் மொட்டை மாடியில் தண்ணீர் தெளிப்பது பழைய வைத்தியம், ஆனால் கோடையில் குடிக்கவே போர்வெல்லை நம்பியிருக்கும் ஊரில் அதை எத்தனை நாள் செய்ய முடியும்? தளத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்போ வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சோ அடிப்பதும், தட்டோடு பதிப்பதும்தான் நின்று பயன்தரும் வழி. ஏ.சி.க்குத் தவணை கட்டுகிறவர் அதில் ஒரு சிறு பங்கை முதலில் தளத்துக்குச் செலவழித்தால், ஒன்றரை டன்னுக்குப் பதில் ஒரு டன்னே போதுமானதாகிவிடும்.

பில்லிலும் இது தெரியும். நம் கணக்கெடுப்பு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. ஒன்றரை டன் ஏ.சி. இரவில் எட்டு மணி நேரம் ஓடினால் ஆறேழு யூனிட், இரண்டு மாதத்தில் 400 யூனிட் அளவுக்குப் போகும். மற்ற செலவோடு சேர்ந்தால் பெரும்பாலான வீடுகள் 500 யூனிட் கோட்டைத் தாண்டும். தாண்டிய யூனிட்டுகளுக்கு 8, 9 ரூபாய்க்கு மேல் விலை என்பது ஒரு பக்கம். 500-க்குள் இருந்தால் கீழ்ப்படியில் கிடைக்கும் சலுகையில் ஒரு பகுதியும் கைவிட்டுப் போவது இன்னொரு பக்கம். 24-இலிருந்து 27-க்கு ஏற்றினால் 400-இல் ஏறத்தாழ 70 யூனிட் மிச்சமாகும். அந்தக் கோட்டருகே நிற்கும் குடும்பத்துக்கு அது வெறும் 70 யூனிட்டின் விலையோடு முடிவதில்லை.

எண்ணுக்கு வரம்பு கட்டுவதற்கு முன்னால் அரசு செய்ய வேண்டியவை இரண்டு. ஏ.சி.யில் ஒட்டியிருக்கும் நட்சத்திர வில்லையில் திறன் இருக்கிறது, ஆண்டு மின்செலவு இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் எத்தனை லிட்டர் நீரை இறக்கும் என்பது இல்லை. காயிலை அவ்வளவு குளிரவிடாமல் ஓட்டினால் மின்சாரம் மிச்சமாகி நட்சத்திரம் கூடும், ஆனால் ஈரம் இறங்குவது குறையும். வாங்குபவருக்கு இது தெரிய வழியே இல்லை. அந்த ஓர் எண்ணையும் வில்லையில் அச்சிடச் சொல்வது கடினமான காரியமா?

இரண்டாவது, தளம். தெலங்கானா 2023-இலேயே குளிர்கூரைக் கொள்கை கொண்டுவந்துவிட்டது. இங்கே 2024-இல் தொடங்கிய கலைஞர் கனவு இல்லம் திட்டம் 2030-க்குள் 8 லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்கும் இலக்கோடு வந்தது. குடிசை போய் வீடு வருவது நல்லதே. ஆனால் கூரை வேய்ந்த குடிசை கோடையில் தந்த குளுமையைக் கான்கிரீட் தளம் தராது, அந்த 360 சதுர அடி வீட்டில் குடியேறுபவரால் உடனே ஏ.சி. வாங்கவும் முடியாது. அரசு கட்டித்தரும் ஒவ்வொரு வீட்டின் எஸ்டிமேட்டிலும் தளத்துக்கான வெள்ளைப் பூச்சு ஒரு வரியாக ஏற வேண்டும். கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் இனிக் கட்டப்படும் வீடுகளிலிருந்தே அதைத் தொடங்கலாம்.