சுருளை எடுப்பதும் வேலைதான்

பெங்களூரிலிருந்து பழைய மைசூர் சாலையில் சுமார் 60 கிலோமீட்டர் போனால் சன்னபட்டணா. சுற்றுலா போகிற கல்லூரிப் பேருந்துகள் பல அங்கே நின்றுதான் போகும். பம்பரம், கிலுகிலுப்பை, ஆட்டுகிற குதிரை என்று அங்கே விற்கிற மரச்சாமான்களில் பெரும்பகுதி லேத்தில் கடைந்தவை. தமிழில் வெப்பாலை என்று சொல்கிற மரம்தான் முக்கியமான மரம். சுழல்கிற மரத்தின் மேல் அரக்குக் குச்சியை அழுத்தினால், உராய்கிற சூட்டிலேயே அது உருகி நிறம் ஏறிவிடும். அதன் மேல் தாழை ஓலையை வைத்துத் தேய்த்தால் பளபளப்பு வந்துவிடும்.

பார்க்கிறவர்கள் எல்லோரும் உளியையும் நிறத்தையும்தான் பார்ப்பார்கள். மரத்திலிருந்து உதிர்கிற சீவலை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் கடைசல் வேலையில் கை ஆபத்துக்குப் பக்கத்தில் போவது பல நேரம் அந்தச் சீவலுக்காகத்தான்.

எப்படி?

நன்றாகக் காய்ந்த மரம் என்றால் பொடியும் சின்னத் துண்டுகளுமாக விழும். ஈரம் இருக்கிற மரம் என்றால் நீள நீளமாகச் சுருள் வரும். அது உளியைத் தாங்குகிற டூல் ரெஸ்ட்டில் தொங்கும், மரத்தைச் சுற்றிக்கொள்ளும், கடைகிறவர் கைமேலேயே குவியும். கிண்ணம் மாதிரி உள்ளே குடைகிற வேலை என்றால் குழிக்குள் அடைத்துக்கொள்ளும். உளிமுனை கண்ணுக்குத் தெரியாது. அந்த நேரத்தில் விரல் தானாகவே போகும், சும்மா தட்டிவிட.

இந்தத் "தானாக" என்பதில்தான் எல்லாப் பிரச்சினையும் இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு. லேத் நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அதாவது வினாடிக்கு 25 சுற்று. மரத்தின் விட்டம் 5 செ.மீ. என்றால் சுற்றளவு 15.7 செ.மீ. ஏதோ சிக்கிவிட்டது என்று மூளைக்குத் தெரிந்து கையை இழுக்க எப்படியும் 1/5 வினாடி ஆகும். அதற்குள் மரம் 5 சுற்று சுற்றிவிடும். சட்டைக் கையோ துப்பட்டாவோ மாட்டியிருந்தால் ஏறக்குறைய 78 செ.மீ. துணி உள்ளே போயிருக்கும். விரல்நுனியிலிருந்து தோள் வரைக்குமே அவ்வளவு நீளம்தான் இருக்கும்! "சட்டென்று கையை எடுத்துவிடலாம்" என்பதெல்லாம் இந்தக் கணக்குக்கு முன்னால் நிற்காது.

மாட்டிக்கொள்ளத் துணிதான் வேண்டும் என்பதும் இல்லை. மோதிரம், மணிக்கட்டில் கட்டிய சாமிக்கயிறு, கழுத்தில் தொங்குகிற ஐடி கார்டு, பின்னாத தலைமுடி, எது வேண்டுமானாலும் போதும். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் 2011 ஏப்ரலில் ஒரு மாணவி இரவில் பட்டறையில் தனியாக வேலை செய்துகொண்டிருந்தபோது லேத்தில் தலைமுடி சிக்கி இறந்துபோனார். பட்டம் வாங்க இருந்த இயற்பியல் மாணவி. விவரம் தெரியாதவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

கையுறை போட்டுக்கொண்டால் பாதுகாப்பு என்று நினைக்கிறவர்களும் உண்டு. ஓடுகிற லேத்துக்கு முன்னால் கையுறையும் இன்னொரு துணிதான். பட்டறைகளில் துடைக்க வைத்திருக்கிற பனியன் வேஸ்ட்டும் அப்படித்தான். அதை விரலில் சுற்றிக்கொண்டு ஓடுகிற மரத்தைத் துடைப்பது, விரலை மரத்தோடு கட்டி வைப்பதற்குச் சமம்.

விபத்து நடந்தால் உடனே எல்லோரும் சொல்வது ஒரே வார்த்தை: "கவனக்குறைவு". இது பாதி உண்மைகூட இல்லை. கடைகிறவருடைய கவனம் முழுவதும் உளிமுனையில் இருக்கிறது. இரண்டு கையும் உளியைப் பிடித்திருக்கும்வரை அவர் பத்திரமாகத்தான் இருக்கிறார். சீவலை எடுக்கிற அந்த ஒரு நொடி மட்டும் எந்தக் கணக்கிலும் இல்லை. அதை ஒரு வேலையாகவே யாரும் மதிப்பதில்லை.

கல்லூரி லேபிலும் இதே கதைதான். ரெக்கார்டு நோட்டில் ஃபேசிங், டர்னிங், டேப்பர் என்று வரிசையாக எழுத வேண்டும். அளவு சரியாக வந்தால் மதிப்பெண். "லேத்தை நிறுத்து, முழுவதும் நிற்கும்வரை காத்திரு, பிரஷ்ஷால் தள்ளு" என்பதை ஒரு ஸ்டெப்பாக எழுதச் சொல்கிறவர்கள் எத்தனை பேர்?

பட்டறையில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. கூலி பெரும்பாலும் உருப்படிக் கணக்கு. ஒருமுறை நிறுத்தி, எடுத்து, திரும்ப ஓட்ட 30 வினாடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு 40 முறை நிறுத்தினால் 20 நிமிடம் போய்விடும். அந்த 20 நிமிடத்துக்கு யார் காசு கொடுப்பது? தொழிலாளிதான் தன் கையிலிருந்து கொடுக்கிறார். அதை மிச்சம் பிடிக்கத்தான் விரல் உள்ளே போகிறது. சுவரில் "பாதுகாப்பே முதன்மை" என்று பலகை மாட்டினால் மட்டும் இது மாறுமா?

சட்டத்துக்கு இது எப்போதோ தெரிந்திருந்தது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, ஓடுகிற பாகத்தால் காயம் படக்கூடிய எந்த இயந்திரத்தையும் பெண்களோ சிறுவயதினரோ சுத்தம் செய்யக் கூடாது என்றது. சுத்தம் செய்வது தனி ஆபத்து என்று அன்றைக்கே எழுதிவிட்டார்கள். ஆனால் அந்தச் சட்டப்படி, மின்சாரத்தில் ஓடும் இடம் என்றால் குறைந்தது 10 பேர் வேலை செய்தால்தான் பொதுவாக அது தொழிற்சாலையாகக் கருதப்பட்டது. வீட்டு முன்னறையில் இரண்டு லேத் போட்டிருக்கிற குடும்பத்துக்கு அந்தச் சட்டம் எட்டவே இல்லை.

"முப்பது வருஷமாக இப்படித்தான் தட்டிவிடுகிறேன், ஒன்றும் ஆகவில்லையே" என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். அனுபவம் உளி பிடிக்கிற கைக்கு உண்டு. சட்டைக் கைக்கு ஏது அனுபவம்?

செய்ய வேண்டியது பெரிய செலவு பிடிக்கிற காரியமும் இல்லை. தூரத்தில் விழுகிற சீவலைத் தொடவே வேண்டாம், கடைசியில் கூட்டிக்கொள்ளலாம். வேலையை மறைக்கிற சுருளுக்கு மட்டும் லேத்தை நிறுத்த வேண்டும். நிறுத்துகிற ஸ்விட்ச், ஓடுகிற மரத்தைத் தாண்டிக் கையை நீட்டாமல் எட்ட வேண்டும். காலால் மிதிக்கிற மாதிரி இருந்தால் இன்னும் நல்லது. ஸ்விட்ச்சை அணைத்த பிறகும் மரம் கொஞ்ச நேரம் ஓடும். அதைக் கையால் பிடித்து நிறுத்தக் கூடாது. டூல் ரெஸ்ட்டை நகர்த்திவிட்டு, பெயின்ட் பிரஷ்ஷோ குச்சியோ வைத்துத் தள்ளினால் போதும்.

காற்றுக் குழாயால் ஊதுவது சுலபமாகத் தெரியும். ஆனால் கிண்ணத்துக்குள் ஊதினால் எல்லாம் திரும்பி முகத்துக்குத்தான் வரும். மரத்தூள் மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995லேயே வகைப்படுத்திவிட்டது. காலடியில் கிடக்கிற சீவலும் சாதாரணம் இல்லை. சிமென்ட் தரையில் அது வழுக்கும். வழுக்குகிறவர் பிடிமானத்துக்குக் கை நீட்டுவது எங்கே? எதிரில் ஓடிக்கொண்டிருக்கிற லேத்தை நோக்கித்தான்.

உருப்படிக் கூலியைப் பேசும்போது லேத் நிற்கிற நேரத்தையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். பிராக்டிகல் தேர்விலும் அதற்கு 5 மதிப்பெண் ஒதுக்கலாம். மதிப்பெண் இருந்தால் மாணவர்கள் எதையும் மறக்க மாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்தானே!